லெஃப்ட் ஹேண்ட் த்ரெட் போட்ட டிஎன்ஏ

சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு பட்டறையில பதினெட்டு வருஷமா லேத் ஓட்டுறேன். மரை, அதாவது த்ரெட், வெட்டுறதுதான் பொழப்பு, தூக்கத்துல எழுப்பி ஒரு போல்ட்டக் கையில குடுத்தாக்கூட வலது மரையா இடது மரையான்னு தடவிப் பாத்தே சொல்லிடுவேன். அப்படிப்பட்ட நான் லெகோவுல ஒரு டிஎன்ஏ செஞ்சு, அதை மாத்திச் சுத்தி வச்சு, ஒரு வாரம் ஷோகேஸ்ல பெருமையா வேற வச்சிருந்தேன். எப்படி நடந்துச்சு, அப்புறம் எப்படிப் பிரிச்சுக் கட்டினேன்னு எழுதி வைக்கிறேன், யாராச்சும் இதே வேலையில எறங்குனா ஒரு தடவையோட முடியட்டும்.

மக செகண்டரி 4 படிக்குறா. பயாலஜியில டிஎன்ஏ ஓடுது, கிளாஸ்ல பின்னாடி ஒரு மேசையில வைக்க மாடல் செஞ்சு கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. மத்த பிள்ளைங்கல்லாம் சாத்தே குச்சியும் மார்ஷ்மெல்லோவும் வச்சு செய்யுதுங்களாம், எறும்பு வரும் அப்பா, நம்ம லெகோவுல பண்ணலாமான்னு கேட்டா. ஸ்டோர் ரூம்ல ரெண்டு வாளி லெகோ கிடக்கு, அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது கேரோசெல்ங்கிற பழைய சாமான் ஆப்ல யாரோ கிலோ கணக்குல வித்தது, யீஷூன் எம்ஆர்டி கேட்டு வாசல்ல நின்னு வாங்கினேன். அதுல பாதி டெக்னிக், அதாவது கியரு, ஆக்ஸில், ஓட்டை போட்ட பீம் இந்த மாதிரி. சரி பண்ணலாம்னு சொல்லிட்டேன். ரெண்டு சாயங்காலத்து வேலைன்னு நெனச்சேன், ரெண்டு மாசம் ஆச்சு.

டிஎன்ஏன்னா முறுக்கின ஏணி மாதிரி, ஒவ்வொரு படியும் ஒரு எழுத்து ஜோடி. முதல்ல சாதா கல்ல அடுக்கித்தான் பாத்தேன். ஒண்ணு மேல ஒண்ணு ஒரு ஸ்டட், அதாவது கல்லு மேல இருக்கிற ஒரு குமிழ், தள்ளித் தள்ளி வச்சா படிக்கட்டு மாதிரி வரும், ஆனா லெகோ கல்லு 90 டிகிரிதான் பேசும், டிஎன்ஏ படிக்குப் படி திரும்புற 34 டிகிரியெல்லாம் அதுக்குத் தெரியாது. தூரத்துல இருந்து பாத்தா முறுக்கு மாதிரியும் இல்ல, மாடிப்படி மாதிரியும் இல்ல, எம் பொண்டாட்டி சரிஞ்சு விழப்போற அடுக்குமாடி புளோக்குன்னா. விட்டுட்டேன்.

அப்புறம்தான் டெக்னிக் பீம் யோசனை. ஒரு நீள ஆக்ஸில செங்குத்தா நிறுத்து, அதுல 7 ஓட்டை பீம நடு ஓட்டையில கோத்து வரிசையா அடுக்கு. ஆக்ஸில் சிலுவை வடிவம், பீம் ஓட்டை வட்டம், அதனால பீம் எந்தக் கோணத்துக்கு வேணாலும் திரும்பும். ஒவ்வொரு பீமும் ஒரு ஜோடி, ஏணியில ஒரு படி. ரெண்டு பீமுக்கு நடுவுல அரை புஷ் ஒண்ணு, ஆக்ஸில்ல இறுக்கமா மாட்டுற வளையம். பீம் தடிமன் 8 மிமீ, அரை புஷ் 4 மிமீ, ஆக ஒரு படிக்கு 12 மிமீ ஏறுது.

நிஜ டிஎன்ஏவுல ஒரு படிக்கு ஏத்தம் 0.34 நானோமீட்டர். 12 மிமீய அதால வகுத்தா சுமார் மூன்றரைக் கோடி மடங்கு பெருசு. மனுஷ டிஎன்ஏ ஒரு செட்டுக்கு சுமார் 310 கோடி படி, உண்மையில நீட்டிப் பிடிச்சா ஒரு மீட்டர்தான் வரும், அதையே நான் லெகோவுல கட்டப் போனா 37,000 கிலோமீட்டர், பூமிய ஏறக்குறைய ஒரு சுத்து சுத்திடலாம். இதை மககிட்ட சொன்னேன், மொதல்ல 21 கட்டுங்கன்னா.

ஏன் 21? இங்கதான் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. டிஎன்ஏ ஒரு முழுச் சுத்துக்கு சுமார் 10.5 படி எடுத்துக்குது. அரைப் படி வைக்க முடியாது, அதனால ரெண்டு சுத்துக்கு 21 படி. லெகோவுல கிடைக்கிற பெரிய ஆக்ஸில் 32 ஸ்டட் நீளம், ஒரு ஸ்டட் 8 மிமீ, ஆக 256 மிமீ. 21 பீம் போட்டா 168, நடுவுல 20 அரை புஷ் 80, கூட்டினா 248. மிச்சம் 8 மிமீ, அடியில ஜாயின்ட்டுக்குள்ள சொருக கரெக்டா ஒரு ஸ்டட். யாரோ எனக்காகவே அளந்து செஞ்ச மாதிரி இருந்துச்சு. அந்த ஆக்ஸில் மட்டும் வாளியில இல்ல, பிரிக்லிங்க்ங்கிற லெகோ பார்ட்ஸ் வெப்சைட்ல தனியா வாங்கினேன், அதுகூட அரை புஷ்ஷும் கலர் கலரா வட்ட டைலும்.

எழுத்து வரிசை மகளோட வேலை. டிஎன்ஏவுல ஏ, டி, ஜி, சின்னு நாலு எழுத்து, அதை மூணு மூணா சேத்துப் படிச்சா ஒவ்வொண்ணும் ஒரு அமினோ அமிலம், மொத்தம் 20 அமினோ அமிலம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு இங்கிலீஷ் எழுத்து வச்சிருக்காங்க. 21 படின்னா ஏழு சொல்லு. ஆரம்பிக்க ஒண்ணு, நிப்பாட்ட ஒண்ணு போனா நடுவுல அஞ்சு. சிங்கப்பூர்னு எழுதலாம்னா இடம் பத்தாது, அதோட ஓ எழுத்து அந்த இருபதுல கிடையாது. அவ கொஞ்ச நேரம் பென்சிலக் கடிச்சுட்டு இருந்துட்டு, அப்பா அஞ்சு எழுத்துல டி ஏ எம் ஐ எல் இருக்கு, தமிழ்னு எழுதலாம்னா. அஞ்சு எழுத்தும் லிஸ்ட்ல இருக்கு! ஏடிஜி, ஏசிசி, ஜிசிஏ, ஏடிஜி, ஏடிடி, சிடிஜி, டிஏஏ. முதல் ஏடிஜி ஆரம்பம், கடைசி டிஏஏ முற்றுப்புள்ளி, நடுவுல திரியோனின், அலனின், மெத்தியோனின், ஐசோலூசின், லூசின். நான் பதினெட்டு வருஷத்துல இப்படி ஒரு பார்ட் நம்பர் பாத்ததில்ல.

எழுத்துக்குக் கலர் வைக்கிறதுக்கு பீம் ஓட்டையில அரை பின்ன சொருகி, அதோட தலையில 1x1 வட்ட டைல் ஒட்ட வச்சேன். டைல் உசரம் 3.2 மிமீ, மேல பீமுக்கு இருக்கிற இடைவெளி 4 மிமீ, உரசாமத் தப்பிக்குது. ஏவும் ஜியும் ரெண்டு வளையம் உள்ள பெரிய மூலக்கூறு, டியும் சியும் ஒரே வளையம், அதனால பெருசுக்கு ரெண்டு டைல், சிறுசுக்கு ஒரு டைல். ஏக்கு எதிர்ல எப்பவும் டி, ஜிக்கு எதிர்ல எப்பவும் சி, ஆக எந்தப் படிய எடுத்தாலும் மூணு டைல். மொத்தம் 63. பச்சை ஏ, சிவப்பு டி, மஞ்சள் ஜி, நீலம் சி. இதுல எந்தக் கலருக்கும் ஒரு நியாயமும் இல்ல, வாங்குன பையில அந்த நாலு கலர்தான் மலிவு.

இப்ப கோணம். 360ஐ 10.5ஆல வகுத்தா 34.29 டிகிரி. கண்ணால வைக்க முடியாது, ஒவ்வொரு படியிலயும் ஒரு டிகிரி தப்பினா மேல போகும்போது 20 டிகிரி எங்கயோ போயிடும். பேப்பர்ல கோணமானி பிரின்ட் பண்ணி அடியில ஒட்டிப் பாத்தேன், ஆனா பத்தாவது படி அடியில இருந்து பன்னெண்டு சென்டிமீட்டர் மேல, அங்க இருந்து எட்டிப் பாத்து கோட்டோட கோடு சேக்கறது குருட்டு வேலை.

பட்டறையில இதுக்கு டிவைடிங் ஹெட் இருக்கு. மில்லிங் பண்ணும்போது கியர் பல்லு வெட்ட வேலைத்துண்ட இத்தனை சமபாகமா திருப்பித் தர்ற சாமான். உள்ள ஒரு வோர்ம், அதாவது திருகு மாதிரி கியர், ஒரு 40 பல் சக்கரம், கைப்பிடிய 40 சுத்து சுத்தினா வேலைத்துண்டு ஒரு சுத்து. உலகம் பூரா பெரும்பாலும் அந்த 40க்கு 1 தான். லெகோவுல பெரிய கியருக்கு எத்தனை பல்லு? 40! லெகோ வோர்ம் ஒரு சுத்துக்கு ஒரு பல்லு தள்ளும். அப்ப லெகோ வாளிக்குள்ள டிவைடிங் ஹெட்டே கிடக்குதுடான்னு ராத்திரி பதினோரு மணிக்கு நான் கத்துனதுல அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க.

கணக்கு இதுதான். 40ஐ 10.5ஆல வகுத்தா 3 முழுச் சுத்து, அப்புறம் 21ல 17 பங்கு. டிவைடிங் ஹெட் தட்டுல 21 ஓட்டை வரிசை நிஜமாவே உண்டு, அதுல 3 சுத்து 17 ஓட்டைன்னு வைப்போம். இங்க பேப்பர் வட்டத்துல 21 கோடு போட்டு கைப்பிடிக்குப் பின்னாடி ஒட்டினேன், கைப்பிடியிலயே ஒரு முள்ளு. சுருக்கமா 4 சுத்து சுத்திட்டு 4 கோடு பின்னால வரலாமேன்னு மக கேட்டா, கணக்கு சரிதான், ஆனா பின்னால திருப்பினா வோர்முக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற தொளதொளப்பு அத்தனையும் உள்ள வந்துடும், லெகோவுல அது கொஞ்சம் நஞ்சமில்ல. எப்பவும் ஒரே பக்கமாத்தான் சுத்தணும். இதை மட்டும் ஸ்கூல்ல சொல்லித் தர மாட்டாங்கம்மான்னேன். ரொம்பப் பெருமையா இருந்த நேரம் அது, கீழ விழப் போறேன்னு தெரியல.

ஜிக், அதாவது பீம சரியான கோணத்துல வைக்க உதவுற சாமான், ரெடி. சக்கரத்து மேல ஜாயின்ட், ஜாயின்ட்ல 32 ஸ்டட் ஆக்ஸில், பக்கத்துல ஒரு கம்பம். புது பீம கோத்ததும் அதோட நுனி கம்பத்தத் தொட்டு நிக்கணும், புஷ்ஷ அழுத்து, கைப்பிடிய 3 சுத்து 17 கோடு திருப்பு, அடுத்த பீம். அவ்ளோதான். எந்தப் பக்கம் திருப்புறதுன்னு மட்டும் முடிவு பண்ணணும்.

அந்த ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, மெரினா பே காட்டக் கூட்டிட்டுப் போனோம். பேஃபிரண்ட்ல எறங்கி அந்த ஹீலிக்ஸ் பாலத்துல நடந்தோம். 280 மீட்டர், 2010ல தொறந்தது, டிஎன்ஏ மாதிரியே ரெண்டு ஸ்டீல் சுருள் ஒண்ணையொண்ணு சுத்திட்டுப் போகும், ராத்திரியில தரையில ஏ, டி, சி, ஜின்னு எழுத்துகூட ஜோடி ஜோடியா எரியும். சொந்தக்காரங்க மூணு கட்டடத்து மேல கப்பலப் பாத்துட்டு நிக்கறாங்க, நான் மட்டும் பாலத்துக் குழாயப் போட்டோ எடுத்துட்டு நிக்கறேன். டிஎன்ஏவப் பாத்துக் கட்டுன பாலம், இதைவிட வேற என்ன ரெஃபரன்ஸ் வேணும்? வீட்டுக்கு வந்து போட்டோவப் பாத்து, அதே பக்கமா சுத்துற மாதிரி கைப்பிடியத் திருப்பினேன். 21 படியும் ரெண்டரை மணி நேரத்துல ஏறிடுச்சு.

நின்னுச்சு, ஆனா நிலைக்கல. காலையில பாத்தா நடுவுல நாலு படி ஒண்ணாச் சேந்து நிக்குது. புஷ் ஆக்ஸிலக் கெட்டியாப் பிடிக்குது, பீமப் பிடிக்கல. லெகோ சாமான் எல்லாமே ஒரு இம்மி சின்னதா இருக்கும், ரெண்டு ஸ்டட் கல்லு 16 மிமீன்னு கணக்கு, வெர்னியர் வச்சு அளந்தா 15.8தான் காட்டும், பக்கத்துக் கல்லோட உரசாம உக்காரத்தான் அந்த இடைவெளி. அந்த இடைவெளி எனக்கு வில்லன் ஆச்சு, பீம் காத்தாடி மாதிரி சுத்துது. பசை போடலாம்னா மக ஒத்துக்கல, பசை போட்டா அது லெகோவே இல்லையாம். ப்ளூ டேக், அந்த ஒட்டுற களிமண் மாதிரி சாமான், வச்சேன், நம்ம ஊர் வெக்கைக்கு ரெண்டு நாள்ல எண்ணெய் கக்கி வழுக்குது. கடைசியில கைகொடுத்தது பலூன். மச்சான் பிள்ளை பொறந்தநாளு புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல நடந்துச்சு, மிஞ்சுன பலூன் ரெண்டு டிராயர்ல கெடந்துச்சு, அதை வாஷர் பஞ்ச் வச்சு வட்ட வட்டமா அடிச்சு, நடுவுல ஓட்டை போட்டு, ஒவ்வொரு புஷ்ஷுக்கும் பீமுக்கும் நடுவுல ஒண்ணு ஒண்ணா போட்டேன். ரப்பர் மெல்லிசு, அந்த இம்மி இடைவெளிய அப்படியே அடைச்சுக்குது, உசரமும் கூடல. இப்ப விரலால தள்ளினாத்தான் திரும்பும், தானா நகராது. இந்த வேலையில நான் உருப்படியாக் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான்னு நெனக்கிறேன்.

ஷோகேஸ்ல ஒரு வாரம். அதுக்கப்புறம் அடியில கனமா ஒரு பீடம் வேணும், பட்டறையில மிச்சம் கிடக்குற அலுமினியத் துண்டுல ஒரு வட்டம் லேத்ல கடைஞ்சுக்கலாம்னு ஃபோர்மேன்கிட்ட கேட்டு, அளவு பாக்க மாடலையே பையில வச்சு எடுத்துட்டுப் போனேன். ஃபோர்மேன் சீனர், எல்லாருக்கும் அங்கிள், அறுபது தாண்டியாச்சு, லஞ்ச் டைம்ல கோப்பி ஓ பையோட வந்து நின்னாரு. டிஎன்ஏன்னா என்னன்னு அவருக்கு அக்கறை இல்ல. ஒரு தடவை பாத்தாரு, ரெண்டு செகண்டு இருக்கும்.

“ஏய், வை யூ கட் லெஃப்ட் ஹேண்ட் த்ரெட்?”

நான் சிரிச்சேன். அப்புறம் பாத்தேன். அப்புறம் சிரிக்கல.

ரொம்ப சிம்பிள் செக் அது, புதுப் பையன் சேந்தா முதல் நாளே நான் சொல்லிக் குடுக்கிறது. போல்ட்ட நிமித்திப் பிடி, உன் கண்ணுக்கு நேரா முன்பக்கம் தெரியிற மரை எப்படி ஏறுதுன்னு பாரு. இடது கீழ இருந்து வலது மேல ஏறினா வலது மரை, வலது கீழ இருந்து இடது மேல ஏறினா இடது மரை. கடையில வாங்குற ஸ்க்ரூ எல்லாம் வலது. கேஸ் ரெகுலேட்டர் நட்டு, சைக்கிளோட இடது பெடல், இந்த மாதிரி சிலதுதான் இடது. என் டிஎன்ஏ கேஸ் ரெகுலேட்டர் பக்கம் சேந்துடுச்சு. நம்ம உடம்புல இருக்கிறது வலது.

வீட்டுக்கு வந்து மகளோட புத்தகத்தத் தொறந்து போல்ட்டப் பக்கத்துல வச்சுப் பாத்தேன், புத்தகம் சரி, நான் தப்பு. அப்ப பாலம்? பாலமும் இடதுதான். தேடினா அது ஊரறிஞ்ச சங்கதி, டாம் ஷ்னைடர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, தப்பான பக்கம் சுத்துற டிஎன்ஏ படத்தையெல்லாம் தேடிப் பிடிச்சு லிஸ்ட் போடுறவரு, நம்ம பாலத்த 2010லயே அந்த லிஸ்ட்ல சேத்துட்டாரு. பாலத்தைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல, அது நடக்கறதுக்குக் கட்டுன பாலம், எந்தப் பக்கம் சுத்தினாலும் ஆளு அக்கரைக்குப் போயிடுவான். பதினெட்டு வருஷ மரைக்காரன் ஒரு போல்ட்ட எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாக்காதது யாரு குத்தம்?

அன்னைக்கு ராத்திரி வீட்டுல சமாளிப்பு மாநாடு நடந்துச்சு. எடுத்துத் தலைகீழா வைங்களேன், மாறிடும்னா பொண்டாட்டி. மாறாது, ஸ்க்ரூவ எந்த முனையில இருந்து பாத்தாலும் அதே மரைதான், கண்ணாடியில பாத்தாத்தான் மாறும். அப்ப பின்னாடி கண்ணாடி வச்சு, பாக்குறவங்களக் கண்ணாடியப் பாக்கச் சொல்லுங்கன்னா மக. அதுக்குள்ள நானும் ஒரு வழி கண்டுபிடிச்சேன், இடது பக்கம் சுத்துற டிஎன்ஏவும் உண்டு, இசட் டிஎன்ஏன்னு பேரு, 1979ல அலெக்ஸாண்டர் ரிச்சோட குழு படிக வடிவுல பாத்தாங்க, இது அதுதான்னு சொல்லிட்டா? மக புத்தகத்த மூடாமலே சொன்னா, இசட்டுக்கு ஒரு சுத்துக்கு 12 படி அப்பா, உங்களது 10.5. டிவைடிங் ஹெட்டப் பத்தி ரொம்பப் பெருமை பேசுனா இப்படித்தான் மாட்டிக்கும்.

அம்மா மட்டும், வலம்புரிச் சங்கு மாதிரி இதுவும் அபூர்வம்னு வச்சுக்கோயேன்னாங்க. அதையும் தேடிப் பாத்தேன், இன்னும் குழப்பம். நாம வலம்புரின்னு பூசையில வைக்கிற அபூர்வச் சங்கு இருக்கே, விஞ்ஞானிங்க கணக்குல அது இடது சுத்து. சாதாரணச் சங்குதான் அவங்களுக்கு வலது. சங்க எந்த முனை மேல வச்சுப் பிடிச்சு, வலதுன்னு எதைச் சொல்றோம்ங்கிறதுல வர்ற வித்தியாசம், பேருதான் மாறுது, சங்கு மாறல. அந்த வகையில பாத்தா என் மாடல் வலம்புரிதான்! ஆனா பயாலஜி டீச்சர்கிட்ட இதைச் சொல்லி மார்க் வாங்க முடியாது.

சரி, பிரிக்கிறதுதான். பிரிக்க உக்காரும்போதுதான் ரெண்டாவது தப்பும் கண்ணுல பட்டுச்சு. புத்தகத்துப் படத்துல ரெண்டு சுருளுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் ஒரே அளவு இல்ல, ஒண்ணு அகலம், ஒண்ணு குறுகல். அகலம் 22 ஆங்ஸ்ட்ராம், குறுகல் 12, பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர். ரெண்டு முதுகெலும்பும், அதாவது ஏணியோட ரெண்டு பக்கக் கம்பும், நேருக்கு நேர் எதிர்ல இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கறதால வர்றது அது. என் பீம் நேர், நுனி ரெண்டும் 180 டிகிரி, அதனால ரெண்டு பள்ளமும் சமம். சுத்தமா ரெடிமேட் ஸ்பிரிங் மாதிரி இருந்துச்சுன்னா அதுக்குக் காரணம் இதுதான்.

இதுக்கு வாளியிலயே மருந்து இருந்துச்சு. லெகோவுல வளைஞ்ச பீம் ஒண்ணு இருக்கு, மூலையில ஒரு ஓட்டை, ரெண்டு கைக்கும் மும்மூணு ஓட்டை, கையோட நுனி ஓட்டை மட்டும் சிலுவை. வளைவு 53.13 டிகிரி, 3-4-5 முக்கோணத்துக் கோணம், அதாலதான் அது லெகோ கட்டத்துல உக்காருது. அப்ப உள்கோணம் 126.87, வெளிக்கோணம் 233.13. சும்மா வகுத்துப் பாத்தேன், 0.544. பன்னெண்டை இருபத்திரண்டால வகுத்தேன், 0.545. கால்குலேட்டர ரெண்டு தடவை அழுத்தினேன். கோணத்தையும் அகலத்தையும் ஒப்பிடறது முறையான கணக்கு இல்லன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு பட்டறைக்காரனுக்கு இதுக்கு மேல என்ன வேணும். மூலை ஓட்டையில ஆக்ஸிலக் கோத்தா முடிஞ்சுது.

வாளியில அந்த பீம் ஆறுதான் இருந்துச்சு, மிச்சம் 15 ஆர்டர் பண்ணிக் காத்திருந்தேன், ரெண்டு வாரத்துக்கு மேல. அந்த நேரத்துல படிச்சதுல ஒண்ணு ரொம்பப் பிடிச்சுது. 1953ல கேம்பிரிட்ஜ்ல வாட்சனும் கிரிக்கும் மாடல் கட்டும்போது, எழுத்துத் துண்டுகளத் தகரத்துல வெட்டித் தரச் சொல்லி அவங்க ஒர்க்‌ஷாப்ல குடுத்திருக்காங்க, ஒர்க்‌ஷாப்ல லேட். வாட்சன் பொறுக்க முடியாம அட்டையில வெட்டி மேசையில நகத்தி நகத்திப் பாத்துத்தான் எதுக்கு எது ஜோடின்னு பிடிச்சாரு. லண்டன்ல ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் கோஸ்லிங்கும் 1952ல எடுத்த எக்ஸ்ரே படம் இல்லாம அது நடந்திருக்காது, அது தனிக்கதை. எனக்கு அந்த ஒர்க்‌ஷாப்காரன்தான் மனசுல நிக்கறான், நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியிருப்பான், அவசரம்னு எவன்தான் சொல்லல.

பார்ட்ஸ் வந்துச்சு. இந்தத் தடவை கைப்பிடிக்குப் பக்கத்துல ஒரு எம்12 போல்ட்ட நிறுத்தி வச்சுட்டுத்தான் ஆரம்பிச்சேன். இதைக் கட்டப் போறவங்களுக்கு ஒரே குறிப்பு, ஆக்ஸில் நிக்கிற சக்கரம் மேல இருந்து பாத்தா கடிகார முள் பக்கமா சுத்தணும், புது பீம் எப்பவும் ஒரே இடத்துல வந்து உக்காந்தா வலது சுருள் வரும். குழப்பமா இருந்தா நாலு படி கட்டிட்டு போல்ட்டோட ஒப்பிட்டுப் பாத்துட்டு மேல போங்க. நாலு படி பிரிக்கிறது அஞ்சு நிமிஷம், இருபத்தொண்ணு பிரிக்கிறது ஒரு சாயங்காலம், பலூன் வாஷர் பாதி கிழிஞ்சிடும்.

முதுகெலும்புக்கு ஷூ லேஸ். கட்டை விரல் மாதிரி சில பிளாஸ்டிக் கிளிப்பெல்லாம் பாத்தேன், சரிவுல ஏறுற மாதிரி எதுவும் உக்காரல. மினிமார்ட்ல சிவப்பு ஒண்ணு நீலம் ஒண்ணு உருண்டை லேஸ் வாங்கி, நுனியில இருக்கிற சிலுவை ஓட்டை வழியா மீன் தூண்டில் நரம்பு போட்டு ஒவ்வொரு படியிலயும் கட்டினேன். நீளத்துக்கும் கணக்கு பண்ணினேன், ஆரம் 28 மிமீ, ஒரு சுத்துக்கு ஏத்தம் 126 மிமீ, ரெண்டு சுத்துக்கு லேஸ் 43 சென்டிமீட்டர், கட்டிப் பாத்தா 44 ஆச்சு, ஒரு சென்டிமீட்டர் முடிச்சு தின்னுடுச்சு. டிஎன்ஏவுல ரெண்டு இழையும் எதிரெதிர் திசையில ஓடும், அதைக் காட்ட மக சொன்ன ஐடியா, லேஸ் நுனியில இருக்குமே அந்த பிளாஸ்டிக் மூடி, சிவப்புக்கு அது அடியில, நீலத்துக்கு அது உச்சியில. தெரியாதவங்களுக்கு ஷூ லேஸ், தெரிஞ்சவங்களுக்கு விஷயம். லேஸ் லெகோ இல்லையேன்னு நான் பதிலுக்குக் கேட்டேன், பசை இல்லல்ல, பரவாயில்லையாம்.

லேஸ் கட்டினதும் ஒரு குறை. மொத்த விட்டம் 64 மிமீ கிட்ட வருது, 12 மிமீ ஏத்தத்துக்கு நிஜ டிஎன்ஏ 70க்கு மேல இருக்கணும். கொஞ்சம் ஒல்லி டிஎன்ஏ. மொதல்ல மனசு உறுத்துச்சு, அப்புறம் விட்டுட்டேன்.

அடுத்தது என்னன்னும் முடிவாயிடுச்சு. லேஸ முறுக்கிக் கட்டிட்டு இருக்கும்போது அம்மா பக்கத்துல உக்காந்து ஊர்ல கயிறு திரிக்கிற கதை சொன்னாங்க, ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, மூணையும் சேக்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்கணும், அப்பத்தான் கயிறு பிரியாது. அதே கதைதான் நம்ம தோல்லயும் எலும்புலயும் இருக்கிற கொலாஜன்ங்கிற புரதம், மூணு இழை, ஒவ்வொண்ணும் இடது சுருள், மூணும் சேந்து வலது சுருள். அந்த மூணு இழை வடிவத்தக் கண்டுபிடிச்சது மெட்ராஸ் யூனிவர்சிட்டியில ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், 1954ல நேச்சர் பத்திரிகையில வந்துச்சு. மூணு ஆக்ஸில் வளையணும், அதுக்கு லெகோவுல என்ன இருக்குன்னு இன்னும் தேடிட்டு இருக்கேன். இடது வலது ரெண்டும் ஒரே மாடல்ல வர்றதால, எந்தப் பக்கம் சுத்தினாலும் பாதியாவது சரியா இருக்கும்.

ஸ்கூலுக்குப் போறதுக்கு முந்தின நாள் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன், அலுமினியப் பீடத்துல ஜாயின்ட்ட இறுக்கணும். அங்கிள் வந்தாரு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு முன்னாடி ஏறுற சிவப்பு லேஸ கீழ இருந்து மேல வரைக்கும் விரலாலயே ஓட்டிப் பாத்தாரு.

“ரைட் ஹேண்ட். கேன். பிட்ச் எவ்ளோ?”

“ஒரு சுத்துக்கு 126 அங்கிள். டூ ஸ்டார்ட், ரெண்டு இழை.”

தலையாட்டிட்டு டயல் கேஜக் கொண்டு வந்து உச்சி பீம்ல வச்சுச் சுத்தினாரு. மேல 3 மிமீ ரன் அவுட், அதாவது சுத்தும்போது அவ்ளோ ஆட்டம். எட்டு மிமீ பிளாஸ்டிக் ஜாயின்ட் பிடியில 25 சென்டிமீட்டர் ஆக்ஸில் நிக்குது, வேற எப்படி இருக்கும்னேன். ஒண்ணும் சொல்லாம கேஜ எடுத்துப் பெட்டியில வச்சுட்டு, ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒண்ணக் கிழிச்சு பீடத்து அடியில ஒட்டிட்டுப் போயிட்டாரு. மக அதை எடுக்க விடல, இப்பவும் அடியில இருக்கு.